முட்டைக்கும் ஒரு டிக்கெட்

“முட்டைக்கும் டிக்கெட்டா தாயி?”

நடத்துநர் இரண்டாவது முறையாகக் கேட்டார். சன்னலோர இருக்கையில் இருந்த தெர்மாகோல் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி தேன்மொழி தலையை ஆட்டினாள்.

“ஆமா அண்ணாச்சி. ரெண்டு சங்கரன்கோவில். ஒண்ணு எனக்கு, ஒண்ணு இதுக்கு.”

“முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?”

பின்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே ஐப்பசி மழை சாலையை அடித்துக்கொண்டிருந்தது. அவள் மனம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

உள்ளே ஒரு டஜன் முட்டைகள். திருநெல்வேலியில் அவள் ஆராய்ச்சி செய்யும் கூடத்தில் இடி விழுந்து டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. சரிசெய்ய இரண்டு நாளாகும் என்றார்கள். சூடு இல்லாமல் இந்த உயிர்கள் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் சுடுதண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில் அவற்றை அடுக்கி எடுத்துக்கொண்டு பேருந்து ஏறியிருந்தாள்.

“இந்தத் தடவையும் ரிசல்ட் வரலைன்னா வேற தலைப்பு பாப்போம்மா” என்று பேராசிரியை ஞானபூரணம் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது...

மேலநீலிதநல்லூரில் பேருந்து நின்றது. நனைந்த கோழி மாதிரி ஒருவன் ஏறினான். அவன் கையிலும் ஒரு பெட்டி. ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டைப்பெட்டி. உள்ளிருந்து ‘கீச் கீச்’ என்று ஒரே கூச்சல்.

ஓர் இடமும் காலி இல்லை. அவன் பார்வை நேராகச் சன்னலோர இருக்கைக்கு வந்தது.

“மேடம், அந்தப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டா நான் இருந்துக்கிடுவேன்லா?”

“அதுக்கு டிக்கெட் எடுத்திருக்கு.”

“பெட்டிக்கா?”

“உள்ள இருக்கிற முட்டைக்கு.”

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். தன் அட்டைப்பெட்டியைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“உங்க முட்டை ராணி மாதிரி இருந்து வருது. எங்க பிள்ளைங்க அம்பது பேரும் நின்னுக்கிட்டே வாறாங்க. இது நியாயமா?”

“உங்க பிள்ளைங்களுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?”

“அது... லக்கேஜுங்க.”

“இது பயணி.”

பேருந்தே சிரித்தது. நடத்துநர் கம்பியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “மகாராஜா, பேசாம நில்லும் வே. இந்தத் தாயிகிட்ட உம்ம பாச்சா பலிக்காது.”

மகாராஜாவா... அவளுக்கே தெரியாமல் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். கிரீடம் இல்லை. நெற்றியில் ஒட்டிய ஈர முடி. இமை நுனியில் விழவா வேண்டாமா என்று தொங்கும் ஒரு மழைத்துளி. அந்தத் துளிக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் இரண்டு கண்கள். சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சன்னல் மூடியிருந்தது. பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

அப்போதுதான் சாலையின் குறுக்கே ஓர் ஆட்டு மந்தை வந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார்.

தெர்மாகோல் பெட்டி வழுக்கியது. அவள் கை வெறும் காற்றைப் பிடித்தது. ‘போச்சு’ என்று கண்ணை மூடினாள்.

திறந்தபோது பெட்டி தரையில் இல்லை. தன் அட்டைப்பெட்டியை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையை அவள் பெட்டிக்கு அடியில் கொடுத்து, முழங்காலில் நின்றிருந்தான் மகாராஜா. முகம் மிக அருகில் இருந்தது. அந்த மழைத்துளி இப்போது இமையில் இல்லை. அவள் மணிக்கட்டில் இருந்தது.

“சூடா இருக்கே...” அவன் குரல் தணிந்திருந்தது. “அடை வச்ச முட்டையா? எத்தனாவது நாள்?”

சரியான கேள்விதான். யாரும் இதுவரை அவளிடம் கேட்காத கேள்வி. ஆனால் ஒன்பது மாதமாக மாமாவுக்கும் சித்திக்கும் பக்கத்து வீட்டுக்கும் விளக்கி விளக்கி, கடைசியில் ‘கோழிக்கா படிக்க?’ என்று கேட்டுப் பழகிய அலுப்பு, அந்த நேரம் பார்த்து நாக்கில் வந்து உட்கார்ந்தது.

“சொன்னா உங்களுக்குப் புரியாது.”

அவன் கண்ணிலிருந்த சிரிப்பு அணைந்தது. பெட்டியை இருக்கையில் மெல்ல வைத்தான். “சரிங்க” என்றான். அதற்குப் பிறகு சங்கரன்கோவில் வரும்வரை கோழிக்குஞ்சுகள் மட்டுமே பேசின.

இறங்கும்போதுதான் திரும்பினான்.

“கரண்டு போச்சுன்னா திருவேங்கடம் ரோட்டுக்கு வாங்க. குஞ்சு பொரிப்பகம் வச்சிருக்கேன். ஜெனரேட்டர் இருக்கு... இதுவாவது எனக்குப் புரியும்.”

*

தேன்மொழியின் அப்பா சங்கரலிங்கம் பேசினால் தெருவுக்கே கேட்கும். தெரு பேசினால் அவருக்குக் கேட்காது. விசைத்தறிக் கூடத்தில் கழிந்த வருஷங்கள் காதைத் தின்றுவிட்டன. அம்மா மாரித்தாயும் அதே கூடத்தில் நூல் சுற்றியவள்தான். தறிச் சத்தத்துக்குள் யார் கத்தினாலும் பயனில்லை என்பதால் அங்கே எல்லாரும் உதட்டை மட்டும் அசைத்தே பேசிக்கொள்வார்கள். இன்றைக்கும் அம்மா அடுப்படியில் நின்று சத்தமே இல்லாமல் வாயசைப்பாள். அப்பா வாசலிலிருந்து “புளி வாங்கியாச்சு!” என்று முழங்குவார். இவர்கள் கல்யாணமே அப்படித்தான் முடிவானது என்று அம்மா ஒருமுறை வெட்கத்தோடு சொல்லியிருந்தாள்.

அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குக் காதைத் தவிர வேறு எதை ஆராயத் தோன்றும்?

அன்று மாலை ஊர் முழுக்க மின்சாரம் போனது. காற்றில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம். விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் இன்வெர்ட்டரும் ‘பீப்’ என்று முனகி ஓய்ந்தது. சூட்டுக்காகப் பெட்டிக்குள் வைத்திருந்த பல்பும் அணைந்தது. பெட்டிக்குள்ளிருந்த வெப்பமானியின் எண் இறங்கிக்கொண்டே இருந்தது.

‘அங்கேயா போவது? அவ்வளவு சொல்லிவிட்டு...’

மானமா முட்டையா என்று அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. அப்பா மொபெட்டை எடுத்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

பொரிப்பகத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மகாராஜா வாசலிலேயே நின்றான், எதிர்பார்த்தவன் போல. கிண்டல் செய்வான் என்று நினைத்தாள். செய்யவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

“எவ்வளவு சூடு வேணும்?”

“முப்பத்தெட்டு.”

“ஈரப்பதம்?”

“நீங்க வைக்கிற மாதிரியே...”

“வேற எதுவும் சொல்லணுமா?”

சொல்ல நிறைய இருந்தது. ஆனால் பேருந்தில் வந்து விழுந்த அந்த வாக்கியம் இருவருக்கும் நடுவில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போக அவளுக்குத் தெரியவில்லை.

“இல்ல. சூடு போதும்” என்றாள்.

*

மறுநாள் காலை மழை ஓய்ந்து தூறலாகியிருந்தது. அப்பாவை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கண்ணாடிக் கதவுக்குள் தட்டில் அவள் முட்டைகள்.

ஒன்றில்கூடச் சன்னல் இல்லை.

ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் அவள் சதுரமாகச் சன்னல் வெட்டி, வேலை முடித்து, டேப்பால் மூடியிருந்தாள். அந்தச் சன்னல் எப்போதும் மேலே இருக்க வேண்டும். இப்போது எல்லாச் சன்னலும் அடியில். மேலே பென்சிலால் போட்ட பெருக்கல் குறி மட்டும் அவளைப் பார்த்தது. இரண்டு முட்டைகளின் கீழே வெள்ளைக்கரு கசிந்து காய்ந்திருந்தது.

“யாரு... யாரு திருப்புனது?”

மகாராஜா ஓடிவந்தான். கண்கள் சிவந்திருந்தன. “நான்தான். ஒரு பக்கம் பெருக்கல், ஒரு பக்கம் வட்டம் போட்டு, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுத் திருப்பினேன். திருப்பலைன்னா கரு ஓட்டுல ஒட்டிக்கிடும்லா?”

“டேப் ஒட்டிருந்ததே! அதைப் பாக்கலையா?”

“விரிசல் விட்ட முட்டைன்னு நினைச்சேன். நாங்களும் அப்படித்தான் டேப் போட்டு அடை வைப்போம்.”

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஒன்பது மாதம்... கையில் நடுக்கம் போகும்வரை பழகிய ஊசி... பேராசிரியையின் கோபமில்லாத முகம்... எல்லாம் ஒரு பென்சில் குறிக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தன.

“சொல்லாம எதுக்குத் தொட்டீங்க?”

ஜெனரேட்டரை யாரோ நிறுத்தினார்கள். மின்சாரம் வந்துவிட்டது போலும். அந்த நிசப்தத்தில் அவன் மெதுவாகச் சொன்னான்:

“கேட்டேன்லா... பஸ்ஸுலயும் கேட்டேன். நேத்து இங்கன வச்சும் கேட்டேன். சொன்னா புரியாதுன்னீங்க. சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்ங்க.”

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. ஏன் எல்லோரும் கோபமில்லாமலே வலிக்க வைக்கிறார்கள்?

இரவெல்லாம் விழித்திருக்கிறான். தனக்குத் தெரிந்ததிலேயே மிக நல்லதை அவள் முட்டைகளுக்குச் செய்திருக்கிறான். அவள் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஒரே வரி.

தேன்மொழி முட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். சன்னல்கள் மேலே வந்தன.

“உள்ள இருக்கிறது மறுபடி மேல மிதந்து வரணும். காத்திருக்கணும்” என்றாள். பிறகு, வரவழைத்த தைரியத்தோடு, “இருக்கீங்களா? சொல்லுதேன்” என்றாள்.

அவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டு, குஞ்சுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

“ரெண்டாம் நாள் கருவுக்குத் தலைக்கு ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு குழி விழும். அதுதான் பொறவு உள்காது ஆகும். அந்தக் குழிக்குள்ள முடியை விட மெல்லிசா ஒரு கண்ணாடி ஊசியால மரபணுவை விடுவேன். சும்மா விட்டா செல்லுக்குள்ள போகாது. ரெண்டு பக்கமும் கம்பி வச்சு கண் இமைக்கிற நேரம் கரண்டு கொடுக்கணும். செல்லோட சவ்வு ஒரு நொடி திறக்கும். மரபணு உள்ள போயிரும். பொறவு மூடிக்கிடும்.”

“கதவைத் தட்டித் திறக்கிற மாதிரி.”

“ஆமா... பலமாத் தட்டினா செல்லு செத்துரும். மெதுவாத் தட்டினா திறக்காது. ஒன்பது மாசமா அந்த அளவு எனக்குப் பிடிபடலை.”

“உள்ள போச்சுன்னு எப்படித் தெரியும்?”

“கூடவே ஒளிர்ற மரபணு ஒண்ணும் போகும். நீல வெளிச்சம் அடிச்சா பச்சையாத் தெரியும். ஒரு காதுல மட்டும். மத்தக் காதைச் சும்மா விட்டுருவேன், ஒப்பிட்டுப் பாக்க.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எதுக்கு இதெல்லாம்?”

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அப்பா யாரோ வழிப்போக்கரிடம் மழையைப் பற்றித் தெரு அதிரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“காதுக்குள்ள சத்தத்தைப் பிடிக்கிற மயிர்ச்செல்லுன்னு ஒண்ணு இருக்கு. மனுசனுக்கு அது ஒருதடவை போச்சுன்னா போச்சு. கோழிக்குத் திரும்ப முளைக்கும். அது எப்படி உருவாகுது, எந்த மரபணு சொல்லி உருவாகுதுன்னு தெரிஞ்சா... எங்க அப்பாவுக்கு இல்லாட்டாலும், என்னைக்காவது, யாருக்காவது...”

முடிக்கவில்லை. அவனும் முடிக்கச் சொல்லவில்லை. தூறல் தகரத்தில் தாளம் போட்டது. இருவரும் பேசாமல் இருந்தார்கள். பேசாமல் இருப்பது இவ்வளவு இலேசாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. வீட்டில் சத்தம் இல்லாத நேரம் கிடையாது. ஆய்வுக்கூடத்து மௌனமோ எப்போதும் ஒரு தோல்விக்குப் பிந்தைய மௌனம். இது வேறு. இதற்குள் இன்னொருவர் மூச்சு இருந்தது...

முட்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் இருட்டறை ஒன்று பொரிப்பகத்தில் இருந்தது. தட்டை அங்கே கொண்டுபோனார்கள். அவள் பையிலிருந்து, நீல ஒளியை வடிகட்டும் மஞ்சள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நீல டார்ச்சை எடுத்தாள்.

முதல் முட்டையின் டேப்பை உரித்தாள். அசைவில்லை. அடுத்தது... அதிலும் இல்லை.

“மேடம்...” அவன் குரல் உடைந்திருந்தது. “என்னால...”

“பேசாதீங்க.”

மூன்றாவது. மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூல் வலை. அதன் நடுவே கடுகளவு ஒன்று... துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

“உயிர் இருக்கு!”

டார்ச்சைத் திருப்பினாள். இருட்டு. நீலம். கருவின் வளைந்த தலை. அதன் ஓரத்தில் குண்டூசி முனையளவில்...

பச்சை.

அவள் கண்ணைக் கசக்கினாள். போகவில்லை. வட்டமாக, தெளிவாக, ஒரு காதில் மட்டும், விடிகாலை நட்சத்திரம் மாதிரி நின்றது. மஞ்சள் கண்ணாடியைக் கழற்றி அவன் முகத்தில் மாட்டினாள். தன் விரல்கள் அவன் காதோரம் பட்டது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

“தெரியுதா?”

அவன் வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

“தெரியுது. புரியுது” என்றான்.

அப்போதுதான் தேன்மொழி அழுதாள். மாதக்கணக்காக இறுகியிருந்த தோள்கள் தளர்ந்தன. கண்ணீர் வழிந்துகொண்டே இருக்க, சிரிப்பும் வந்தது. உலகத்திலேயே இலேசான பொருள் தன் நெஞ்சுதான் என்று அந்த இருட்டறையில் அவளுக்குத் தோன்றியது.

*

அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய முட்டைகள் திருவேங்கடம் ரோட்டிலிருந்தே போயின. திங்கட்கிழமை தோறும் மகாராஜா பேருந்து நிலையத்துக்கு வருவான். பெட்டியைச் சன்னலோரம் வைப்பான். முட்டைக்கும் அவளுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாளா என்று விசாரிப்பான்.

“போன வார முட்டையெல்லாம் சௌக்கியமா?”

“முட்டை சௌக்கியம். கொண்டு வந்த ஆளைத்தான் கேக்கணும்.”

“அவருக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. எதையாவது திருப்பணும் போலயே இருக்கு.”

பேருந்து நகரும்வரை கீழே நிற்பான். அவள் கையசைக்க மாட்டாள். கண்ணாடி வழியே ஒருமுறை பார்ப்பாள். அது அவனுக்கும் தெரியும்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் மொபெட்டில் பொரிப்பகத்துக்கு வந்தாள். அப்பா வாசல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தேன்மொழி பொரிப்பான் அருகில் போய் நின்றாள்.

“நாளைக்கு முட்டை வேண்டாம்.”

“அடுத்த வாரமா?”

“அடுத்த வாரமும் வேண்டாம். செய்ய வேண்டியதெல்லாம் முடிஞ்சது. இனி எழுதுற வேலைதான்.”

அவன் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தான். பிறகு எடுத்தான். பிறகு வைத்தான்.

“அப்போ திங்கக்கிழமை...?”

“திங்கக்கிழமை என்ன?”

“நான் எதுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வர?”

உள்ளே முட்டைகளுக்கு நடுவில் விசிறி சுழலும் மெல்லிய ஓசை. மகாராஜா ஒருமுறை வாசலைப் பார்த்தான். பெரியவர் அங்கே பேசாமல் உட்கார்ந்திருந்தார். காது கேட்காத மனிதர்தானே... துணிந்துவிட்டான். ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டான்.

“தேன்மொழி... எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. முட்டைக்கு டிக்கெட் எடுத்தீங்களே, அப்பவே. நீங்க இல்லாத திங்கக்கிழமையை என்ன செய்யன்னு எனக்குத் தெரியலை. என்னைக் கட்டிக்கிடுதீங்களா?”

அவள் முகம் சிவந்தது. ஆனால் அவள் பார்த்தது அவனை அல்ல. ஓரக்கண்ணால் வாசலைப் பார்த்தாள்.

“எப்பா சாமி... வாயை மறைச்சுக்கிட்டுச் சொல்லக் கூடாதா?”

“ஏன்? அவருக்குத்தான் கேக்காதே!”

“கேக்காது...”

மகாராஜா திரும்பினான். சங்கரலிங்கத்தின் கண்கள் அவன் உதட்டிலேயே நிலைகுத்தி நின்றன. தறிக்கூடத்து இரைச்சலில் ஒரு சொல்லும் தவறவிடாமல் பழகிய கண்கள். அவனுக்கு விஷயம் புரிய ஒரு விநாடி ஆனது. புரிந்ததும் குஞ்சுப் பெட்டிக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினான்.

பெரியவரின் மீசை மட்டும் லேசாக அசைந்தது. சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மகளின் பதிலுக்காகக் காத்திருப்பதாகத் தேன்மொழிக்குப் பட்டது.

வெட்கம் தாளாமல் அப்பாவுக்கு முதுகு காட்டித் திரும்பினாள். எதிரே பொரிப்பானின் கண்ணாடிக் கதவு. பக்கத்தில் வியர்த்துப்போய் நிற்கும் மகாராஜா. வாய் திறந்தால் குரல் உடைந்துவிடும் போலிருந்தது. அதனால் அவள் வீட்டு வழக்கப்படி உதட்டை மட்டும் அசைத்தாள். ஒரே ஒரு சொல்.

“என்ன?” அவன் தவித்தான். “என்ன சொன்னீங்க? எனக்குப் புரியலையே... ஏங்க, இன்னொரு தடவை...”

அவள் கண்ணை மூடிக்கொண்டு தலைகுனிந்தாள்.

கண்ணாடிக் கதவில் அவள் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. வாசலிலிருந்து அது நன்றாகவே தெரியும்.

“எனக்கும்னு சொல்லுதா, மாப்ள!” என்றார் சங்கரலிங்கம்.

திருவேங்கடம் ரோடு முழுக்கக் கேட்டது.